கட்டடம் எழும்பிய பிறகு

(திருவண்ணாமலையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிளஸ் டூ தேர்வு முடிவு வந்துவிட்டால் திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள சாலைகளெல்லாம் கல்லூரி விளம்பரங்களால் நிறைந்துவிடும். செங்கம் சாலை, வேலூர் சாலை, திருக்கோவிலூர் சாலை என எதில் போனாலும் பலகைகள் சொல்லும் சேதி ஏறக்குறைய ஒன்றுதான். புதிய அடுக்குமாடிக் கட்டடம், குளிரூட்டிய வகுப்பறை, திறன் மேம்பாட்டு மையம், வெளிநாட்டு நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம், வேலைவாய்ப்பு முகாமில் இத்தனை பேருக்குப் பணி ஆணை. ஒரு சிறிய தனியார் பல்கலைக்கழகம் தன் ஆண்டு மலரில் ‘வளாகச் செய்திகள்’ என்று தலைப்பிட்டால் அதன் கீழே வருவதும் இவைதான்.

இவற்றைக் குறைத்துப் பேச இந்தச் சொற்பொழிவு வரவில்லை. கலசபாக்கத்திலிருந்தோ தண்டராம்பட்டிலிருந்தோ பேருந்து ஏறி வரும் மாணவிக்குச் சுத்தமான கழிப்பறையும் நல்ல குடிதண்ணீரும் உள்ள கல்லூரி கிடைப்பதே பெரிய செய்தி. ஆனால் இந்த ஆண்டு ரிப்பன் வெட்டித் திறக்கும் கட்டடத்தில் முப்பது ஆண்டு கழித்து யார் பாடம் நடத்துவார், யார் வந்து உட்கார்ந்து படிப்பார், அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்பதை எந்தப் பலகையும் சொல்வதில்லை. பெற்றோரும் கேட்பதில்லை. கேட்டாக வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இதைப் பேச நல்ல எடுத்துக்காட்டு ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. நெருப்புத் தலமான இந்த ஊரைப் போலவே பஞ்சபூதத் தலங்களில் ஒன்று ஆகாயத் தலமான சிதம்பரம். அங்கே இந்த மலையின் பெயரைத் தன் பெயராகக் கொண்ட ஒரு வணிகர் தனியார் கொடையில் ஒரு பல்கலைக்கழகத்தை எழுப்பினார். எண்பத்து நான்கு ஆண்டுகள் அது அவர் குடும்பத்தின் பொறுப்பில் இருந்தது. பின்பு அரசின் கைக்கு வந்தது. 2029இல் அதற்கு நூறு வயது நிறைகிறது. ஒரு தனியார் வளாகம் எப்படிப் பிறக்கும், எதனால் பெயர் பெறும், எங்கே சறுக்கும் என்ற மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஆடும் விளக்கும்

அதற்கு முன் கொடையைப் பற்றிச் சில சொற்கள். அறக்கட்டளை என்ற ஏற்பாடு தமிழ்நாட்டுக்குப் பழையது. சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டுமென்றால் 90 ஆடுகளோ 96 ஆடுகளோ கொடையாக விடுவார்கள். ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்துவிட வேண்டும். ஆடு ஈனும், நோயில் மடியும், கிழடாகும். எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது. அதனால்தான் கல்வெட்டுகள் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று குறிக்கின்றன. அண்ணாமலையார் கோயில் சுவர்களிலும் இப்படிப் பல கொடைகள் வெட்டப்பட்டுள்ளன. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இக்கோயில் கல்வெட்டுகளைத் தொகுத்து நூல்களாகவே வெளியிட்டிருக்கிறது.

அந்தக் கொடைகளில் இரண்டு ஒழுங்குகள் உண்டு. முதலைத் தொடாமல் அதன் விளைவை மட்டும் செலவிடுவது ஒன்று. என்ன கொடுத்தார், எதற்குக் கொடுத்தார், யார் பொறுப்பு என்பதை வருவோர் போவோர் கண்ணில் படும் சுவரில் வெட்டிவைப்பது இன்னொன்று. இன்றைய இந்தச் சொற்பொழிவும் யாரோ ஒருவர் வங்கியில் போட்டுவைத்த வைப்புத்தொகையின் வட்டியில்தான் நடக்கிறது. அதுவும் அந்த மரபின் தொடர்ச்சியே.

கல்விக்கும் அப்படிக் கொடை விட்டார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம் என்றோர் ஊர் இருக்கிறது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு அங்கிருந்த கல்லூரியைப் பற்றிச் சொல்கிறது. மாணவர்கள் 340 பேர், ஆசிரியர்கள் 14 பேர், செலவுக்கு 45 வேலி நிலம். மாணவர் ஒவ்வொருவருக்கும் நாள் ஒன்றுக்கு இத்தனை நாழி நெல் என்று படி அளந்திருக்கிறார்கள். கணக்குப் போட்டால் ஓர் ஆசிரியருக்கு ஏறக்குறைய 24 மாணவர் வருகிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே விடுதிச் செலவையும் ஆசிரியர் எண்ணிக்கையையும் நிலத்தின் விளைச்சலோடு பொருத்திப் பார்த்துத்தான் கல்லூரி தொடங்கினார்கள் என்பது இதில் தெரிகிறது.

பெருமைப்படுவதோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அது வேதக் கல்லூரி. அந்த 45 வேலியில் உழுதவர்களின் பிள்ளைக்கு அங்கே இடம் இல்லை. ஆகவே எந்தக் கல்விக் கொடையைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளைச் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது. முதல் எங்கே இருக்கிறது? பாடம் சொல்பவர் யார்? உள்ளே வர யாருக்கு இடம் உண்டு?

திருவேட்களத்தில் ஒரு நகர்

கானாடுகாத்தானைச் சேர்ந்த அண்ணாமலை செட்டியார் 1881இல் பிறந்தவர். வங்கித் தொழிலில் பெரும் செல்வம் ஈட்டிய நகரத்தார் குடும்பம். அவர் 1920இல் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அடுத்தடுத்துத் தமிழுக்கும் வடமொழிக்கும் இசைக்கும் தனித்தனிக் கல்லூரிகள் எழுந்தன. அந்தக் காலத்தில் சென்னை மாகாணம் முழுமைக்கும் 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகமும் 1926இல் தோன்றிய ஆந்திரப் பல்கலைக்கழகமும்தான் இருந்தன. சிதம்பரம் அடங்கிய தென்னார்க்காட்டுப் பிள்ளை மேற்படிப்புக்குச் சென்னைப் பட்டணம் போய்ச் சேர வேண்டியிருந்தது.

தம் கல்லூரிகளையும், அவற்றோடு 20 லட்சம் ரூபாயையும் தருவதாகச் செட்டியார் முன்வந்தார். 1928ஆம் ஆண்டின் அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. 1929 சனவரி 1 அன்று பல்கலைக்கழகம் உருப்பெற்றது. ஊருக்குக் கிழக்கே, தேவாரப் பாடல் பெற்ற திருவேட்களத்தை ஒட்டி வளாகம் அமைந்தது. பின்னாளில் அப்பகுதியே அண்ணாமலை நகர் என்று தனிப் பேரூராயிற்று. மற்றப் பல்கலைக்கழகங்களைப் போலத் தேர்வு நடத்திப் பட்டம் தரும் அலுவலகமாக அது இருக்கவில்லை. ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் தங்கிப் படிக்கும் உறைவிடப் பல்கலைக்கழகம் அது.

கட்டடம் எழும்புவது எளிது. செட்டியாரின் உண்மையான பெருமை அந்தக் கட்டடத்துக்குள் அவர் அழைத்து வந்த ஆட்களில் இருக்கிறது.

பல்கலைக்கழகம் ஆவதற்கு முன்பே, 1924 முதல் 1927 வரை மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர் உ. வே. சாமிநாதையர். சங்க நூல்களையும் காப்பியங்களையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த அந்தப் பெரியவர் எழுபதைத் தொடும் வயதில் சிதம்பரத்துக்கு வந்து பொறுப்பேற்றார். சோழர் வரலாற்றை எழுதிய கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி அங்கே கல்லூரிப் பணி புரிந்தார். முதல் துணைவேந்தர் எஸ். இ. ரங்கநாதன். அடுத்து 1935இல் துணைவேந்தராக வந்தவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. எளிய குடும்பத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து, உலக அரங்குகளில் இந்தியாவுக்காகப் பேசியவர். பள்ளிக்கூட வாத்தியாராக வாழ்வைத் தொடங்கிய ஒருவர் கையில் ஒரு பல்கலைக்கழகம் ஒப்படைக்கப்பட்டது.

தமிழ்த்துறைக்கு முதல் பேராசிரியராக 1931இல் வந்தவர் சுவாமி விபுலாநந்தர். இலங்கையின் கிழக்குக் கரையில் காரைதீவில் பிறந்தவர், அறிவியல் படித்தவர், இராமகிருஷ்ண மடத்துத் துறவி, மட்டக்களப்புப் பகுதியில் பள்ளிகளை நடத்தியவர். தமிழர் இழந்த யாழை இலக்கியச் சான்றும் இசைக் கணக்கும் கொண்டு மீட்டுக் காட்டிய அவருடைய யாழ் நூல் 1947இல் அரங்கேறியது. அவருக்குப் பின் நாவலர் சோமசுந்தர பாரதியார் தமிழ்த்துறையை ஏற்றார். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் அங்கே பாடம் சொன்னார். கடல் கடந்தும் மாவட்டம் கடந்தும் சாதி சமயம் கடந்தும் தகுதியைத் தேடிப் போய் அழைத்துவந்த காலம் அது. தமிழில் பாடுவதற்கு மேடை கேட்ட தமிழிசை இயக்கம் 1940களில் வலுப்பெற்றபோது அதற்கு முதுகெலும்பாக நின்றதும் இந்த வளாகமும் அதன் நிறுவனருமே.

அதே ஊரில், ஆரணியிலிருந்து போன ஒருவர்

சிதம்பரத்துக் கல்வி வரலாற்றை அண்ணாமலை செட்டியாரோடு நிறுத்திவிட்டால் அது பாதி வரலாறுதான். மறுபாதி இந்த மாவட்டத்துக்குச் சொந்தமானது.

ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் ஒரு தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர் முனுசாமி. துறவு பூண்டு சுவாமி சகஜானந்தர் ஆனார். இருபது வயதையொட்டிச் சிதம்பரத்துக்குப் போய், 1916இல் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். மீனாட்சி கல்லூரி தோன்றுவதற்கு நான்கு ஆண்டு முன்பு! கோயிலுக்குள் நுழைய முடியாதவர்களின் பிள்ளைகளுக்கு, அந்தக் கோயில் ஊரிலேயே எழுத்தறிவிக்க ஓர் இடம். அவரிடம் 20 லட்சம் இல்லை. ஊர் ஊராகப் போய் நன்கொடை கேட்டார். இடம் வாங்கினார், விடுதி நடத்தினார், பெண் பிள்ளைகளையும் சேர்த்துப் படிக்கவைத்தார். சட்டமன்றத்தில் நீண்ட காலம் உறுப்பினராக இருந்து தம் மக்களின் கல்விக்காகப் பேசினார். 1959இல் மறைந்தார். அவர் தொடங்கிய பள்ளியின் பெயர் இன்றும் சிதம்பரத்தில் நிலைத்திருக்கிறது.

இரண்டு கொடைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. ஒருவர் உயர்கல்விக்கு மாளிகை எழுப்பினார். மற்றவர் அந்த மாளிகை வாசல்வரை வந்து நிற்பதற்கு ஒரு பிள்ளைக்கு வேண்டிய அடிப்படையைக் கொடுத்தார். பல்கலைக்கழகம் பெரிதாக வேண்டுமானால் அதற்கு வெளியே ஒரு சகஜானந்தர் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். ஆரணிப் பக்கத்திலிருந்து போன அவர் பெயரில் இந்த மாவட்டக் கல்லூரிகளில் ஒரு விடுதியோ ஓர் அறக்கட்டளையோ அமைவது நாம் பட்ட கடனைத் தீர்ப்பதாகும்.

இடத்தைப் படித்த பல்கலைக்கழகம்

நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே, 1945இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் வந்துவிட்டது. பின்னர் வேளாண்மை வந்தது. தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் காலத்தில் மொழியியல் செழித்து, நாட்டின் பல மொழிகளை ஆராயும் உயராய்வு மையமாக உயர்ந்தது. கம்பராமாயணத்தை உரையோடு பல தொகுதிகளாகப் பல்கலைக்கழகம் பதிப்பித்தது. சர். சி. பி. இராமசாமி ஐயர் பெயர் தாங்கிய நூலகம் தமிழ் ஆய்வாளர்கள் தேடிவரும் இடமாயிற்று. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சனவரி 27 அன்று அண்ணாமலை நகரில் காவல்துறை சுட்டதில் மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார். மொழிக்காக உயிர் கொடுத்த அந்த மாணவரையும் சேர்த்துத்தான் அந்த வளாகத்தின் வரலாறு.

எல்லாவற்றிலும் சிறப்பாகச் சொல்ல வேண்டியது பரங்கிப்பேட்டை. சிதம்பரத்துக்குக் கிழக்கே வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் பல்கலைக்கழகம் கடல் உயிரியல் நிலையம் அமைத்தது. 1960களில் அது உயராய்வு மையம் ஆனது. ஆற்று நீரும் உப்பு நீரும் கலக்கும் கழிமுகம் வாசலிலேயே, பிச்சாவரத்தின் அலையாத்திக் காடு கூப்பிடு தூரத்திலேயே. உலகத்தில் எங்கிருந்து கருவி வாங்கினாலும் அந்தக் கழிமுகத்தை வாங்க முடியாது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது அலையாத்திக் காடுகளின் அருமை ஊருக்கெல்லாம் தெரிந்தது. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே அந்தச் சேற்றில் இறங்கி மீன் குஞ்சையும் நண்டையும் மிதவை உயிர்களையும் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் பரங்கிப்பேட்டை மாணவர்கள்.

திருவண்ணாமலை மாவட்டத்துக்கு இதில் நேரான பாடம் உண்டு. செங்கம் வட்டாரத்து நடுகற்கள் தமிழ் எழுத்தின் வளர்ச்சியைக் காட்டும் அரிய சான்றுகள். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1970களின் தொடக்கத்திலேயே அவற்றைத் தனி நூலாக வெளியிட்டது. போளூர்ப் பக்கத்துத் திருமலையில் சமணக் கோயிலும் ஓவியங்களும் மலையில் செதுக்கிய நேமிநாதர் திருவுருவும் இருக்கின்றன. சவ்வாது மலையில் சாமை விளைகிறது, தேன் எடுக்கிறார்கள், தனி வழக்குகளோடு மலையாளி மக்கள் வாழ்கிறார்கள். கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் லட்சக்கணக்கான பேர் நடக்கிறார்கள். தண்ணீர், குப்பை, மருத்துவம், போக்குவரத்து எல்லாவற்றுக்கும் அதுவே திறந்தவெளி ஆய்வுக்கூடம். இந்த ஊர்க் கல்லூரி ஒன்று செங்கம் நடுகல்லுக்கோ கிரிவலப் பாதையின் நிலத்தடி நீருக்கோ ஓர் ஆய்வு மையம் தொடங்கினால் அந்த ஆண்டின் தலைசிறந்த வளாகச் செய்தி அதுவாகத்தான் இருக்கும். அதற்குக் குளிரூட்டிகூடத் தேவையில்லை.

முதல் கரைந்தபோது

1979இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்பிய ஆசிரியர்கள், எழுத்தர்கள், திருமணத்தோடு படிப்பை விட்ட பெண்கள் எனப் பல லட்சம் பேருக்கு அது கதவைத் திறந்தது. தமிழ்நாட்டில் ‘அண்ணாமலையில் தபாலில் படித்தேன்’ என்று சொல்லும் ஒருவராவது இல்லாத தெரு குறைவு. 1980இல் பல் மருத்துவமும் 1985இல் இராசா முத்தையா மருத்துவக் கல்லூரியும் வந்தன. பணம் வந்தது. பணம் வந்த வேகத்தில் வேலைக்கு ஆள் சேர்ப்பதும் நடந்தது.

2012ஆம் ஆண்டின் இறுதியில் சம்பளம் கொடுக்கவே பணம் இல்லை என்ற நிலை வெளியே தெரிந்தது. ஆசிரியர்களும் ஊழியர்களும் போராட்டத்தில் இறங்கினார்கள். ஆசிரியரும் அலுவலரும் சேர்ந்து 12,000 பேருக்கு மேல் பணியில் இருந்தார்கள். ஒரு வளாகத்தின் தேவையோடு ஒப்பிட்டால் அது பல மடங்கு. 2013 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஐ.ஏ.எஸ். அதிகாரி சிவ்தாஸ் மீனாவை நிர்வாகியாக அமர்த்தியது. அதே ஆண்டில் புதிய அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டம் வந்து, நிறுவனர் குடும்பம் வழிவழியாக வகித்துவந்த இணைவேந்தர் பொறுப்பு முடிவுக்கு வந்தது. உபரியாக இருந்த ஆயிரக்கணக்கானோரை அரசுக் கல்லூரிகளுக்கும் பிற அலுவலகங்களுக்கும் அனுப்பிவைக்க வேண்டியதாயிற்று.

இந்த வீழ்ச்சிக்கு ஒரே ஒருவரைக் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. தவறு அடிப்படையில் நேர்ந்தது. 1929இல் வைப்பாக இருந்த முதல் மெல்ல மெல்ல ஆண்டு வருமானத்துக்குள் கரைந்துபோனது. ஆண்டு வருமானம் மாணவர் கட்டணத்தை நம்பி நின்றது. கட்டணம் தொலைதூரப் படிப்பை நம்பி நின்றது. பல்கலைக்கழக மானியக்குழு தொலைதூரப் படிப்புக்கு எல்லைக் கட்டுப்பாடுகளை இறுக்கியபோது மொத்த அமைப்பும் ஆட்டம் கண்டது. ஆடுகளை விற்று நெய் வாங்கினால் கடைசியில் ஆடும் இருக்காது, நெய்யும் இருக்காது. கணக்கைச் சுவரில் வெட்டிவைத்த காலத்தில் குறையை ஊரே பார்த்திருக்கும். இங்கே சம்பளம் நின்ற பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

அரசு ஏற்ற பிறகும் எல்லாம் சரியாகிவிடவில்லை. மருத்துவ மாணவர்கள் அரசுக் கல்லூரிக்குரிய கட்டணத்தைக் கேட்டார்கள். ஆண்டுக்கு லட்சக்கணக்கில் கட்டிக்கொண்டிருந்த அவர்கள் 2020 டிசம்பரில் தொடங்கி ஐம்பது நாட்களுக்கு மேல் தொடர்ந்து போராடினார்கள். விடுதியை மூடியபோதும் கலையவில்லை. 2021 தொடக்கத்தில் அரசு அந்தக் கல்லூரியைச் சுகாதாரத் துறையின்கீழ் கொண்டுவந்து, அரசுக் கல்லூரிக் கட்டணத்தையே அறிவித்தது. அண்ணாமலை வளாகத்தில் இந்த நூற்றாண்டில் நிகழ்ந்த மிகப் பெரிய முன்னேற்றம் எது என்று கேட்டால் இந்த அறிவிப்பைத்தான் சொல்ல வேண்டும். செங்கல் ஒன்றுகூட வைக்கப்படவில்லை. ஆனால் கூலி வேலை செய்பவரின் மகள் அங்கே மருத்துவம் படிக்க வழி பிறந்தது. அதே 2021இல் விழுப்புரத்துப் பல்கலைக்கழகத்தை இணைத்துச் சுற்று மாவட்டக் கல்லூரிகளை அண்ணாமலையோடு சேர்க்க வழி செய்யப்பட்டது. நூறாண்டு நெருங்கும்போது உறைவிடப் பல்கலைக்கழகம் இணைவுப் பல்கலைக்கழகமாகவும் ஆகியிருக்கிறது.

இனி வரும் வளாகங்கள்

இதெல்லாம் சிதம்பரத்துக் கதைதானே என்று திருவண்ணாமலை இருந்துவிட முடியாது. தமிழ்நாட்டில் தனியார் பல்கலைக்கழகங்களுக்கென்று 2019இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. அதன்படி ஒரு தனியார் பல்கலைக்கழகம் அமைய ஒரே இடத்தில் 100 ஏக்கர் வேண்டும். 2025 அக்டோபரில் அதைத் தளர்த்தச் சட்டமன்றத்தில் திருத்த மசோதா கொண்டுவந்தார்கள். மாநகராட்சிப் பகுதியில் 25 ஏக்கர், நகராட்சி, பேரூராட்சிகளில் 35, மற்ற இடங்களில் 50 ஏக்கர் போதும் என்றது அது. இப்போதுள்ள கல்லூரிகளே தனியார் பல்கலைக்கழகமாக மாறவும் வழி வைத்தது. அரசு உதவிபெறும் கல்லூரிகள் அப்படி மாறினால் இட ஒதுக்கீடும் குறைந்த கட்டணமும் என்ன ஆகும் என்று ஆசிரியர் சங்கங்களும் கட்சிகளும் கேட்டன. மசோதாவைத் திரும்பப் பெற்று மறு ஆய்வு செய்வதாக உயர்கல்வி அமைச்சர் கோவி. செழியன் அறிவித்தார்.

சட்டம் எந்த வடிவில் திரும்ப வந்தாலும், 2024இல் மாநகராட்சியாக உயர்ந்த திருவண்ணாமலையை அது தொடும். இங்கே தனியார் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. இவற்றில் ஒன்று நாளை ‘பல்கலைக்கழகம்’ என்று பெயர்ப்பலகை மாற்றினால் ஊர் மகிழும். மகிழட்டும். ஆனால் பரப்பளவைப் பற்றிய விவாதத்தில் முக்கியமான ஒன்று காணாமல் போகிறது. 25 ஏக்கரிலும் நல்ல பல்கலைக்கழகம் நடத்தலாம், 1,000 ஏக்கரிலும் சம்பளம் கொடுக்க முடியாமல் நிற்கலாம். நிலத்தை அளக்கும் சட்டம் நிரந்தர வைப்புத்தொகையையும் நிரந்தர ஆசிரியரையும் அதே கறாரோடு அளக்க வேண்டும்.

வைப்புத்தொகையின் வலிமைக்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்று: அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து மலையடிவாரத்தில் பெரியா கல்லூரி என்றொரு சிறிய தனியார் கல்லூரி இருக்கிறது. 1855இல் தொடங்கியது. 1892 முதல் மாணவரிடம் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளைத் தேடி எடுக்கிறது. ஒவ்வொரு மாணவரும் வாரத்தில் குறிப்பிட்ட மணி நேரம் வளாகத்தில் வேலை செய்கிறார். கட்டணத்துக்கு ஈடு செய்வது முன்னோர் விட்ட வைப்புத்தொகையின் வருமானமும் ஆண்டுதோறும் வரும் நன்கொடையும். முதலைக் கட்டிக்காத்தால் தனியார் நிறுவனமும் இப்படி நடக்க முடியும். நம் பக்கத்திலேயே திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமம் இருக்கிறது. மருத்துவர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் தொடங்கியது. 1956இல் ஊரகக் கல்வி நிறுவனமாகி, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. சுற்றுக் கிராமங்களில் போய்த் தங்கி வேலை செய்வதைப் படிப்பின் பகுதியாகவே அது வைத்திருக்கிறது. சிறிய வளாகத்துக்கும் பெரிய வேலை உண்டு என்பதற்குத் தமிழ்நாட்டுச் சான்று அது.

கேட்க வேண்டியவை

1966இல் திருவண்ணாமலையில் அரசு கலைக் கல்லூரி வந்தபோது இந்த வட்டாரத்து உழவர் வீடுகளில் முதல் பட்டதாரிகள் தோன்றினார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று ஆசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும் இந்த அவையில் இருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் வந்தன. உயர்கல்வி சேர்க்கை விகிதத்தில் தமிழ்நாடு 47 விழுக்காட்டை எட்டியபோது நாட்டின் சராசரி 28 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. வாசல்வரை வந்துவிட்டார்கள் நம் பிள்ளைகள். உள்ளே அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டிய நேரம் இது.

ஆகவே இந்த அவையிடம் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது பெற்றோருக்கு. சேர்க்கைக்குப் போகும் இடத்தில் கட்டடத்தைச் சுற்றிப் பாருங்கள், தவறில்லை. கூடவே, மகள் சேரப்போகும் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், அவர்கள் எத்தனை ஆண்டாக அங்கே இருக்கிறார்கள், நூலகம் மாலை எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று கேளுங்கள். கல்வி நிறுவனங்கள் தங்கள் கட்டணம், ஆசிரியர் விவரம் முதலியவற்றைத் தாமே பொதுவெளியில் வைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக்குழு 2024இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. கேட்பது உங்கள் உரிமை.

இரண்டாவது, வசதி படைத்தவர்களுக்கு. கல்லூரிக்குக் கொடை தர நினைப்பவர்கள் முகப்பு வளைவுக்கும் சிலைக்கும் கொடுப்பதை நிறுத்திவைத்து, ஒரு நூலகத்துக்கோ விடுதிச் சாப்பாட்டுக்கோ சவ்வாது மலைப் பிள்ளை ஒருவரின் மூன்றாண்டுப் படிப்புக்கோ வைப்புத்தொகை போடுங்கள். வட்டியை மட்டும் செலவிட வேண்டும் என்று ஆவணத்தில் எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது, கல்லூரிகளை நடத்துவோருக்கு. தங்களிடம் உள்ள அறக்கட்டளைகள் எத்தனை, ஒவ்வொன்றின் முதல் எவ்வளவு, சென்ற ஆண்டு வட்டி எவ்வளவு, அதனால் பயன்பெற்ற மாணவர் எத்தனை பேர் என்ற கணக்கை ஆண்டுதோறும் நூலக வாசலில் ஒட்டுங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2029 சனவரி 1 அன்று நூறாண்டு நிறைக்கிறது. அந்த நாளுக்குள் திருவண்ணாமலை மாவட்டத்தின் ஒவ்வொரு கல்லூரியும் இதைச் செய்திருக்க வேண்டும். அரசுக் கல்லூரியும் தனியார் கல்லூரியும் இந்த ஆண்டே தொடங்கலாம்.